ஐந்தாம் படி

விஷ்ராந்த்வாடி, புனே
25-8-2024

அன்புள்ள ஓசூர்க்காரருக்கு,

தமிழரசி எழுதுவது. இங்கே நலம். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் அறைத் தோழர் விச்சுவின் சமையல் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

கட்டின மனைவி கடிதம் போடுகிறாளே, என்ன ஆயிற்று இவளுக்கு என்று நினைப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. போனில் வண்டிப் பேச்சை எடுத்தால் மூன்றாவது நிமிடம் நீங்கள் கத்துகிறீர்கள், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது. நான் சொல்வதை முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். இனிமேல் போனில் சாப்பாடும் மழையும் மட்டும். வண்டி விஷயம் தபாலில்.

முட்டிக் காயம் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. ஜூலையில் நான் விழுந்த அன்று, கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே போனில் என்ன சொன்னீர்கள்? "ஏ தமிழு, ஒனக்கு வளைவுல ஓட்ட வராது. பேசாம வண்டிய சுனிலுக்குக் குடுத்துருவோம்." சொன்னதோடு நிற்காமல், மறுநாளே உங்கள் சிஞ்ச்வட் சிநேகிதர் சுனிலுக்கு வாக்கும் கொடுத்துவிட்டீர்கள். அவர் மனைவி, பித்ரு பட்சம் எல்லாம் கழியட்டும், தசராவன்று வண்டி வாசலுக்கு வரட்டும் என்கிறாராம். ஆக எனக்கு அக்டோபர் பன்னிரண்டு வரை நேரம்.

நீங்கள் மாற்றலாகிப் போய்ப் பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதமும் இந்த பைக்கில்தான் கிர்க்கி ஃபேக்டரிக்குப் போய் வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நேர் ரோட்டில் வண்டி பசு மாதிரி போகிறது. ஹோல்கர் பாலம் முடிந்து வரும் வளைவில் மட்டும் சாய மறுக்கிறது. அழுத்தினால் பொத்தென்று சாய்கிறது. வளைவின் நடுவில் தார் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று உண்டு, அதில் பின்சக்கரம் துள்ளுகிறது. அங்கேதான் விழுந்தேன். இப்போது பயந்துகொண்டு சங்கம்வாடி வழியாகச் சுற்றிப் போகிறேன். தினமும் அரைமணி நேரம் தண்டம்.

இருபத்தாறு வருடம் ஷாக் அப்சார்பர் கம்பெனியில் இருப்பவர் நீங்கள். வளையத் தெரியாதது எனக்கா, வண்டிக்கா? அதை மட்டும் சொல்லுங்கள். வண்டிக்கு என்றால் சுனிலிடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். எனக்குத்தான் என்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

பாதி கோபத்துடனும் பாதி அன்புடனும்,
தமிழரசி


ஓசூர்
3-9-2024

அன்புள்ள தமிழு,

உன் கடிதத்தை கேட் செக்யூரிட்டி ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தான். நான் நலம். தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன். எடை எழுபத்தெட்டுக்கு வந்துவிட்டது. சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்கிறது. விச்சுவின் சாம்பார்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை.

நீ விழுந்தாய் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? வண்டி இருந்தால்தானே விழுவாள் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அது கிடக்கட்டும்.

கேட்டதற்கு வருகிறேன். வளைவில் வண்டியைத் தாங்குவது டயர் தரையைத் தொடுகிற உள்ளங்கை அகல இடம்தான். அதனால் முதலில் டயரைப் பார். பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். டயர் பிறந்த தேதி அது. அடுத்து வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார். டயர் உருண்டையாக இருக்கிறதா, நடுவில் தேய்ந்து பலகை ஆகிவிட்டதா? நகத்தால் அழுத்திப் பார். காற்று எவ்வளவு அடிக்கிறாய் என்றும் எழுது.

எதையும் சுமாராக எழுதாதே. ஃபேக்டரியில் நீ கேஜ் வைத்து அளந்து சரக்கை நிராகரித்தால் ஷாப்பே நடுங்குகிறது என்று பீற்றிக்கொள்பவள் நீ.

அன்புடன்,
மாடசாமி


விஷ்ராந்த்வாடி
15-9-2024

அன்புள்ள ஆறு கிலோமீட்டர்க்காரருக்கு,

இலக்கம் 1118. அதாவது 2018 மார்ச். முன்னாலும் பின்னாலும் அதேதான். நகம் இறங்கவே இல்லை. பின் டயரில் ஸ்கேல் வைத்தேன். நடுவில் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டை.

ஆலந்தி ரோடு டயர்க் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "தாயி, யே டயர் நஹி, பத்தர் ஹை" என்றார். கல்லில்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் மாற்றிவிட்டேன். புது டயர் வழுக்கும், நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள் என்றார். நூற்றைம்பத்திரண்டு ஓட்டிவிட்டு, நேற்றுதான் பாலத்து வளைவுக்குப் போனேன்.

சாய மறுப்பது போய்விட்டது. நான் கேட்ட அளவுக்குச் சாய்கிறது. ஆனால் அந்த ஒட்டில் பின்சக்கரம் இன்னும் துள்ளுகிறது. பயத்தில் பிரேக்கைத் தொட்டுவிட்டேன். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் மராத்தியில் அர்ச்சனை செய்தார்.

காற்று, ஞாயிறு தவறாமல் முன்னால் 25, பின்னால் 33. போகும்போது பக்க மூடிக்கு உள்புறம் மார்க்கரில் எழுதி வைத்தீர்களே, அதே கணக்கு. ஒரு புள்ளி குறைந்ததில்லை.

விநாயகர் சதுர்த்திப் படத்தை விச்சு நம் கீர்த்திக்கு அனுப்பி, அவள் ஹாஸ்டலிலிருந்து எனக்கு அனுப்பினாள். உங்கள் கையில் இருந்த கொழுக்கட்டை எத்தனாவது?

அன்புடன்,
தமிழரசி


ஓசூர்
21-9-2024

அன்புள்ள தமிழு,

டயரை மாற்றியது நல்லது. துள்ளுவது ஸ்பிரிங் விவகாரம். உட்கார்ந்தவுடன் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கி ரோட்டைப் பிடிக்கும். இறங்காவிட்டால் ரோட்டை விட்டுத் துள்ளும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து. பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கட்டும். ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு குறி வைத்து அள. பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார். இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம் இருபத்தைந்திலிருந்து முப்பது மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

காற்றைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். கொழுக்கட்டை ஒன்றுதான்.

அன்புடன்,
மாடசாமி


விஷ்ராந்த்வாடி
29-9-2024

அன்புள்ள ஒற்றைக் கொழுக்கட்டைக்காரருக்கு,

இன்று காலை சொசைட்டி பார்க்கிங்கில் நடந்த கூத்தைக் கேளுங்கள். எதிர்வீட்டு ஷீலாவை டேப்புடன் தரையில் உட்காரவைத்தேன். நான் ஹெல்மெட் போட்டு, டிபன் பையை மாட்டிக்கொண்டு, போகாத வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "ஆன்ட்டி, ஹலூ ஹலூ, மெல்ல உட்காருங்க, டேப் நழுவுது" என்று அவள் கீழே. வாட்ச்மேன் ஓரமாக நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். செகரெட்டரி வந்து பார்க்கிங்கில் யோகா கூடாது என்றார்.

மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் ஒன்பது மில்லிமீட்டர். நீங்கள் சொன்னது இருபத்தைந்து. நான் ஏறி உட்கார்ந்ததே அந்த ஸ்பிரிங்குக்குத் தெரியவில்லை.

குனிந்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கிறது. மொத்தம் ஐந்து படி. இரண்டு பக்கமும் ஐந்தாவதில் நிற்கிறது. நான் தொட்டதில்லை. நீங்கள் சொல்லும்வரை தொடவும் மாட்டேன்.

காற்றைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். தசராவுக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

தமிழரசி


ஓசூர்
5-10-2024

அன்புள்ள தமிழு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். விச்சு, யாருக்காவது ராஜினாமா எழுதுகிறாயா என்று கேட்டுவிட்டான்.

போன வருடம் ஜூனில், நான் இங்கே வருவதற்கு முந்தின நாள், நாம் இரண்டு பேரும் வாய் என்ற ஊர் கணபதி கோயிலுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இரண்டு ஆள், ஒரு பை, பசர்ணி காட் மலை ஏற்றத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். அதற்காக நான்தான் ஸ்பிரிங்கை ஐந்தாம் படியில் வைத்தேன். திரும்பி வந்து இறக்கவில்லை. மறுநாள் ரயில். மூடிக்குள் எழுதிய 33 இரண்டு பேருக்கான காற்று. எழுதும்போது என் மனதில் முன்னால் நான், பின்னால் நீ. நீ தனியாக ஓட்டிப் போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

33 என்று நீ எழுதியதைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்றுதான் உன்னை அளக்கச் சொன்னேன்.

தப்பு என்னுடையது. உனக்கு வளைவில் ஓட்ட வரும். கல்லாய்ப் போன டயர், இறங்காத ஸ்பிரிங், அளவுக்கு மேல் காற்று, இத்தனையையும் வைத்துக்கொண்டு பதினாலு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் விழுந்திருக்கிறாய். எங்கள் டெஸ்ட் ரைடர்களுக்குக்கூட அது வராது. உன் முட்டியில் தழும்பு இருக்கும் வரை எனக்கு இது உறுத்தும்.

டூல்ஸ் பையில் வளைந்த ஸ்பானர் ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டாம் படிக்கு இறக்கு. பின்னால் காற்று 28. வளைவுக்குள் நுழையும் முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடு. அந்த ஒட்டைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார்.

சுனிலிடம் பேசிவிட்டேன். வண்டி உன்னுடையது.

மாடசாமி


விஷ்ராந்த்வாடி
13-10-2024

அன்புள்ள என்னவருக்கு,

ஐந்தாம் படியைப் பார்த்த அன்றே எனக்கும் தெரியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் தொடாமல் வைத்திருந்தேன். கிழித்துப் போட்ட காகிதங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்கள் கடிதத்தை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் "தப்பு என்னுடையது" என்று நீங்கள் எழுதியது இதுதான் முதல் தடவை. கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன், சரக்கு பாஸ்.

இரண்டாம் படிக்கு நானே இறக்கினேன். ஷீலா மறுபடியும் அளந்தாள். இருபத்தேழு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, வெள்ளிக்கிழமை மாலை பாலத்துக்குப் போனேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். முடிவில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது, அதையே பார்த்தேன். வண்டி சாய்ந்தது. ஒட்டு வந்தது, லேசாக ஒரு தூக்கு, அவ்வளவுதான். சுவர் எனக்கு நேரே வந்துவிட்டது. நம்ப முடியாமல் திரும்பிப் போய் இன்னும் மூன்று முறை வந்தேன். ஹெல்மெட்டுக்குள் அழுதேன் என்று உங்களிடம் சொன்னால் தப்பில்லை.

தசராவன்று காலையில் சுனில் மனைவியோடு வந்தார். கையில் செண்டுப்பூ மாலை. நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, டென்ஷன் நக்கோ, நாங்க வேற வண்டி பாத்துக்கிட்டோம்" என்று சொல்லி, மாலையை நம் வண்டிக்கே போட்டுவிட்டுப் போனார்கள். கேசரி கொடுத்தேன்.

தீபாவளிக்கு இருபத்தாறாம் தேதி வருகிறீர்கள். ரிக்‌ஷா பிடிக்க வேண்டாம், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். இந்தத் தடவை நான் முன்னால், நீங்கள் பின்னால். அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை வைக்க வேண்டும். அதனால் உங்கள் எடை வேண்டும். எழுபத்தெட்டு என்று எழுதிய எடை அல்ல. விநாயகர் சதுர்த்திப் படத்தில் இரண்டாவது பட்டன் படுகிற பாட்டை நானும் கீர்த்தியும் பெரிதாக்கிப் பார்த்தோம். தவறான எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் தமிழு


ஓசூர்
19-10-2024

அன்புள்ள தமிழு,

டெஸ்பாட்ச் செக்‌ஷன் தராசில் ஏறினேன். விச்சு சாட்சி.

எண்பத்தொன்பது. பை தனியாக ஆறு கிலோ. நடப்பது உண்மைதான், டீக்கடை வரை. கொழுக்கட்டை பதினொன்று. சர்க்கரை பற்றி நேரில் சொல்கிறேன். திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் படியில் வை. பின்னால் 33 அடி. மூடிக்குள் எழுதியதை அழிக்காதே, பக்கத்தில் "இருவருக்கு" என்று மட்டும் எழுதிவிடு. மேலே உனக்கான 28ஐ எழுது.

ரயில் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஹோல்கர் பாலம் வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வழியாகவே சுற்றிப் போ. அந்த வளைவில் உன் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் எனக்கு. மூன்றாவது நிமிடத்தில்கூடக் கத்த மாட்டேன்.

உன்
மாடசாமி