முப்பத்தேழாம் புள்ளி

கேப் டவுன்
3 மார்ச் 2025

அன்பு யாக்கோப்,

நலமா? நீ இருக்கும் பொட்டல்வெளியில் ரேடியோ தொலைநோக்கிகளுக்காகக் கைபேசிக்குத் தடை. அதனால் பல வருடம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

2011-இல் நாம் இருவரும் சேர்ந்து போட்ட வானத்தின் ரேடியோ வரைபடத்தில் முப்பத்தேழாம் புள்ளி என்று ஒன்று இருந்ததே, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது? அதே இடத்தில் இப்போது விண்வெளித் தொலைநோக்கி ஒரு மங்கிய சிவப்புக் கறையைக் காட்டுகிறது. தூசிக்குள் புதைந்த விண்மீன் திரள். பிரபஞ்சத்துக்கு நூற்றைம்பது கோடி வயதாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பிய ஒளி. நம் புதிய வரைபடத்திலும் புள்ளி இருக்கிறது. அன்றும் இதே வலுவில் இருந்திருந்தால், அது கருந்துளையின் திடீர்ச் சீற்றம் அல்ல, நட்சத்திரங்கள் பிறப்பதுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

பழைய கணினி வட்டுகள் எல்லாம் செத்துவிட்டன. நீக்கிய புள்ளிகளின் அளவுகள் உன்னிடமுள்ள பச்சை அட்டை நோட்டில் மட்டுமே உள்ளன. வியாழக்கிழமை இங்கே வரும் டீசல் வண்டியில் கொடுத்துவிடுவாயா? ஏப்ரல் முடிவதற்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

இதோடு கொஞ்சம் உப்புக்கண்டம் வைத்திருக்கிறேன்.

உன்
தெபோஹோ

•

கார்னர்வனுக்கு வடக்கே
14 மார்ச் 2025

தெபோஹோவுக்கு,

உப்புக்கண்டம் வந்தது. பாதியை ஓட்டுநர் தின்றுவிட்டான்.

"நீக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். நல்ல இலக்கணம். காற்று வந்து நீக்கியதா? நம் தலைவர் ஹேமன்ஸ் அன்று கூட்டத்தில், ஹாலந்துக்காரர்கள் முந்திக்கொண்டு வெளியிட்ட படத்தை மேசைமேல் வீசி, "இதே மாதிரிப் புள்ளி நம்மகிட்டயும் இருந்திருக்குமே, எவன்யா அடிச்சது?" என்று கத்தியபோது, "நான்தான் சார்" என்று எழுந்து நின்றது யார்? பதினோரு பேர் பார்த்தோம். அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் தூசிக்குள் ஒளிந்த திரள்களை முதலில் சொன்னவர்கள் நாமாக இருந்திருப்போம். என் ஒப்பந்தத்தை இரண்டு முறை நீட்டிவிட்டு, "உங்ககிட்ட பெரிசா கண்டுபிடிப்பு எதுவும் இல்லையே" என்று கையை விரித்திருக்க மாட்டார்கள்.

இன்று நான் என்ன செய்கிறேன் தெரியுமா? முனைவர் பட்டம் வாங்கிய யாக்கோப் ஸ்வார்ட்பூய், ரேடியோ தட்டுகளுக்குத் தொந்தரவு வராமல் வேலி வேலியாக மின்பொறி தேடி அலைகிறேன். நேற்று ஃபான் சைலின் பண்ணையில் மின்வேலி படபடவென்று பொறி கக்கியது. "கம்பியை மாத்துங்க" என்றேன்.

"மாத்தறேன். அதுவரைக்கும் நரி வந்தா என் ஆட்டை ஒங்க நட்சத்திரமா காப்பாத்தும்?"

"நட்சத்திரம் இல்ல, விண்மீன் திரள்."

"பேரு பெருசா இருந்தா மட்டும் நரி பயந்துடுமா, டாக்டரே? என் பொண்டாட்டிக்கு முதுகு வலிக்குது, அதையாவது பாருங்க!"

வேலையாட்கள் சிரித்தார்கள். இந்த வாழ்க்கையில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. நோட்டு தர முடியாது.

யாக்கோப்

•

கேப் டவுன்
24 மார்ச் 2025

அன்பு யாக்கோப்,

கோபம் குறையவில்லை என்று தெரிகிறது. குறையச் சொல்லவும் மாட்டேன். நான்தான் அடித்தேன் என்றே இருக்கட்டும்.

கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதாக இருக்கட்டும். என் மாணவி பலேசாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது, பிறகு சரி என்றாள். பிரபஞ்சத்தின் அந்த இளம் வயதில் எத்தனை நட்சத்திரங்கள் பிறந்தன என்ற கணக்கு, தூசி மறைத்ததால் அதில் எத்தனை விடுபட்டன என்பதுதான் அவள் ஆய்வேடு. அந்த ஒரு அளவு இல்லாமல் முப்பத்தேழை அவள் அதில் சேர்க்க முடியாது.

பக்கத்தைத் தேடி நீ சிரமப்பட வேண்டாம். நோட்டைத் திறக்காமல் அப்படியே உறையில் போட்டுக் கொடுத்துவிடு. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஃபான் சைலின் மனைவிக்கு முதுகு எப்படி இருக்கிறது?

உன்
தெபோஹோ

•

கார்னர்வனுக்கு வடக்கே
3 ஏப்ரல் 2025

தெபோஹோ,

திறக்காதே என்று ஒருவன் சொன்னால் திறக்காமல் இருக்க நான் என்ன ஞானியா? உன் குற்றத்துக்குச் சாட்சியாக அந்தப் பக்கத்தைப் படியெடுத்து உனக்கே அனுப்பலாம் என்றுதான் திறந்தேன்.

எண் முப்பத்தேழு. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது: "ஒளிப்படத்தில் இந்த இடம் காலி. பக்கத்துப் பெரிய ரேடியோ மூலத்தின் சிதறல். நீக்கு." அதன் கீழே பேனாவில்: "எனக்கு நிஜம் போலத் தெரிகிறது. வைத்துக்கொள்வோமா?" அதற்கும் கீழே மறுபடி பென்சில்: "வேண்டாம்." மூன்று கோடு.

பேனா எழுத்து உன்னுடையது. பென்சில் என்னுடையது. அந்த மூன்று கோட்டை வேறு யாரும் போட மாட்டார்கள். இன்றும் வேலி அறிக்கைகளில் அப்படித்தான் போடுகிறேன். அன்று நீ எழுந்து நின்றதும் நீதான் என்று நம்பிவிட்டேன், நான் போட்ட கோடு எனக்கே மறந்துபோயிற்று.

சாதாரணத் தொலைநோக்கியின் ஒளிப்படத்தில் இல்லாததால் வானத்திலும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். தூசி ஒளியைத்தான் விழுங்கும், ரேடியோ அலையை விழுங்காது என்று வகுப்பில் பாடம் எடுத்தவன் நான்.

உன்மேல் எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. என் ஒப்பந்தக் கோப்பு அந்த வாரம் ஹேமன்ஸின் மேசையில் இருந்தது. அதற்காகத்தானே எழுந்து நின்றாய்? உன்னை யார் கேட்டது? அதனால் உன் ஹாலந்துப் பயணம் போயிற்று. உன் இடத்தில் நான் போனேன். அங்கிருந்து உனக்கு ஓர் அஞ்சலட்டைகூடப் போடவில்லை. பதினான்கு வருடம் நான் உன்னைத் திட்டிக்கொண்டிருக்க, நீ உப்புக்கண்டம் அனுப்பிக்கொண்டிருந்தாய். ஒரு முறையாவது, "டேய், நோட்டைத் திறந்து பார்டா" என்று சொல்லக்கூடாதா? நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

முதல் பெயர் பலேசாவுடையது. என் பெயர் அடிக்குறிப்பில் வரட்டும்: "2011 பட்டியலிலிருந்து இதைத் தவறாக நீக்கியவர் யா. ஸ்வார்ட்பூய்." ஒரு சொல்லும் மாற்றாதே. மாற்றினால் பதிப்பாசிரியருக்கு நானே எழுதுவேன்.

நோட்டு இந்த உறையில் இருக்கிறது. பக்கத்தைக் கிழிக்கவில்லை, பென்சிலை அழிக்கவில்லை. முப்பத்தேழோடு விட்டுவிடாதீர்கள். அதே நோட்டில் மூன்று கோடு போட்டவை இன்னும் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் நான் அடித்தவை. நேற்று முழுக்க உட்கார்ந்து அவற்றின் இடங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பதினொன்றையும் பாருங்கள். எத்தனை நிஜம் என்று எனக்கு எழுது.

ஃபான் சைல் கம்பியை மாற்றிவிட்டான். அவன் மனைவிக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது.

உன்
யாக்கோப்