படத்தில் அழித்த மருத மரங்கள்

13.08.1956
பட்டின விரிவாக்கப் படம், மூன்றாம் முறை. கடைத்தெருவுக்குச் சிவப்பு, வீடுகளுக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. குளத்துக்குக் கீழே அறுபது வீட்டுக் காணிகள், எல்லாம் நேர் வரிசையில். இவ்வளவு அழகாக நான் எதையும் கீறியதில்லை.

14.08.1956
எல்லை பார்க்கப் போனேன். பக்கத்து வயல்காரர் சிற்றம்பலம் கூடவே நடந்தார். காணிகளுக்கு ஊடாக மருத மரங்கள் வளைந்து வளைந்து போகின்றன. "தம்பி, மருது நிக்கிற வழியாலதான் தண்ணி போகும். குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா இதாலதான் வரும். இதில வீடு வைக்காதேங்கோ" என்றார். நிலம் வெடித்துக் கிடந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

15.08.1956
மரங்களை அப்படியே விட்டால் பதினொரு காணி போய்விடும். நாலாம் முறை கீற வேண்டும். வெள்ளிக்கிழமை படத்தைப் பார்க்க வவுனியாவிலிருந்து எங்கள் பெரியவர் வருகிறார்.
அழிறப்பரால் மரங்களை அழித்தேன். காகிதம் கொஞ்சம் மெலிந்துவிட்டது. மேலே மஞ்சள் பூசினேன்.

17.08.1956
பெரியவர் தோளில் தட்டினார்.

04.03.1957
சரீபா என்றொரு விதவை, இரண்டு பிள்ளைகளோடு காணி கேட்டு வந்தார். மேட்டுக் காணிகளைச் செல்வாக்குள்ளவர்கள் முன்பே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது அந்தப் பதினொன்றுதான். எது நல்லது என்று என்னிடமே கேட்டார். இருபத்தேழாம் இலக்கத்தில் விரலை வைத்தேன்.
"நீங்க சொன்னா சரிதான், ஐயா."

26.12.1957
குளம் வான் பாய்ந்தது. பதினொரு வீட்டிலும் நெஞ்சளவு தண்ணீர். நான் அழித்த வளைவு வழியே போகிறது, ஓரடி பிசகவில்லை.

28.12.1957
எல்லாரும் பள்ளிக்கூடத்தில். சரீபாவின் மண்சுவர் கரைந்துவிட்டது, பிள்ளைகள் சுகம். சாப்பிடப் பாண் கொண்டுபோன என்னிடம், "அல்லாஹ்ட நாட்டம். நீங்க என்ன செய்வீங்க" என்றார்.
சீ, நானும் ஒரு மனிசனோ? பாணை வைச்சுப்போட்டு ஓடி வந்திட்டன்.

10.01.1958
'எதிர்பாராத வெள்ளம்' என்று மேலிடத்தில் அறிக்கை எழுதச் சொன்னார்கள். மருத மரங்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஒருவர்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

13.01.1958
சரீபாவிடம் போய்ச் சொன்னேன், தண்ணீர் வரும் வழி எனக்கு முதலே தெரியும் என்று.
"அப்ப எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."
ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

07.04.1958
வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு மேட்டில் காணி. புதிய படத்தில் மருத மரங்களை ஒவ்வொன்றாகக் கீறி, அந்த வழி முழுக்க நீலம் பூசியிருக்கிறேன். சரீபா இன்று வந்தார். படம் என் மேசையில் விரித்தபடி கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தான் சிற்றம்பலத்தோடு நடந்து பார்த்துத் தெரிந்தெடுத்த காணியின் இலக்கத்தை அடுத்த மேசை யோகலிங்கத்திடம் சொல்லிப் பதிந்துகொண்டு போனார்.