மைனா ஒழுகுவதை நிறுத்திய கதை

குன்னூர்,
ஆடி மாதம், மழை விடாத ஒரு புதன்கிழமை.

அன்புள்ள கண்ணு கலைமதிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், அவருடைய வலது முழங்காலைத் தவிர, நலம். அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கதிரும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றதை நம்ம ஊர் தந்தி மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அப்பா என் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே எதைச் சொல்வது. கம்பெனி விளம்பரத்தில் அப்பா படம் வந்திருக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், தலைமுடி கூடக் கறுப்பாக இருக்கிறது, இதெல்லாம் எப்போது நடந்தது என்று மெசேஜ் போட்டிருந்தாய். முடி கம்ப்யூட்டரில் கறுத்தது. மற்றது நடந்த விதத்தை நான்தான் சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் அதில் அப்பாவே இருக்கமாட்டார், கம்பெனி சொன்னால் அப்பாவைத் தவிர எல்லாரும் இருப்பார்கள்.

உதயன் மோட்டார்ஸ் மைனா என்ற அந்தக் காரை இறக்கியபோது, ஸ்கூட்டர் வைத்திருப்பவரும் கார் வாங்கலாம் என்று சொல்லித்தான் இறக்கினார்கள். குன்னூர் ஷோரூமில் சேல்ஸ்மேன் அப்பாதான் என்பதால் மலை முழுக்க அவர் கையால்தான் விற்றது. கீழே கோயம்புத்தூரில் அது எப்படி ஓடியதோ எனக்குத் தெரியாது. இங்கே மழை வந்தால் வெளியே பாதி பெய்யும், உள்ளே பாதி பெய்யும். மைனா என்று பேர் வைத்தது மட்டும் சரி, எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே வரும், கதவு ஒன்று சொல்லும், டிக்கி அதற்கு ஒன்று சொல்லும். வண்டி வாங்கினவர்களுக்குக் கம்பெனி ஒரு குடையை இலவசமாகக் கொடுத்தது. பரிசு என்று நினைத்து அவர்கள் கொடுத்தார்கள், உதிரிபாகம் என்று ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். கல்யாண வீடுகளுக்குப் போனால் அப்பா நம் மைனாவை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார், நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். அவருடைய உடம்பு அந்த வருஷங்களில்தான் நன்றாக இருந்தது.

உன் மாமாவும் நாங்களும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று நான் சொன்னதில்லை. நீ விமானம் ஏறிய பிறகு நடந்தது. கோத்தகிரி ரோட்டில் இருக்கும் தன் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு வர்க்கி பிஸ்கட் கொண்டுபோக மாமாவுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது, என் தம்பி என்பதால் நான் சொல்லி, அப்பா ஷோரூமிலிருந்து ஒரு மைனாவை விற்றார். ஒரு கல்யாண ஆர்டருக்குத் தட்டுத் தட்டாக வர்க்கியை அடுக்கிக்கொண்டு கோத்தகிரி மண்டபத்துக்குப் போய்க் கதவைத் திறந்தால், வர்க்கி கஞ்சியாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கு வந்ததைச் சொல்ல, மாமா தலைகுனிந்து நின்றாராம். உன் மாமா இசக்கிமுத்து கத்துகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பேக்கரிக்கு முன்னால் ரோட்டோரம் நிறுத்தினார், சீட்டைக் கழற்றினார், உள்ளே கோழிகளை விட்டார், மேலே ஒரு போர்டு வைத்தார். “இது விற்பனைக்கு அல்ல, பாடத்துக்கு. விற்றவர் என் மச்சான்.” கோத்தகிரி போகிற டூரிஸ்டுகள் எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள், எடுத்த கையோடு வர்க்கியும் வாங்கினார்கள். மைனாவால் லாபம் பார்த்த ஒரே மனிதர் உன் மாமாதான். அப்பா அதன்பிறகு கோத்தகிரிக்குப் போக வேண்டுமென்றால் ஊட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்தப் படம் போன் போனாகப் பரவிக் கம்பெனித் தலைமை அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. உடனே அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். கார் மூக்கில் இருக்கும் மைனாச் சின்னம் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததல்லவா, அதை வலது பக்கம் திருப்பினார்கள். இனிமேல் முன்னேற்றம்தான் என்பது அதற்கு அர்த்தமாம். தர வாரம் என்று அறிவித்து, கோயம்புத்தூர் ஹோட்டல் ஒன்றில் எல்லா ஊர் சேல்ஸ்மேன்களையும் கூட்டி, கையை நீட்டி உறுதிமொழி எடுக்கவைத்து, கேக் வெட்டி அனுப்பினார்கள். அப்பா சட்டையில் “தரம் என் தாய்மொழி” என்று ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார். அப்படியானால் நம் வண்டிக் கதவு பேசுவது எந்த மொழி என்று கேட்டேன், பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்த வாரம் விற்ற வண்டிகளும் ஒழுகின. பறவை மட்டும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு ஒழுகியது.

இதற்கப்புறம்தான் சக்தி மேடம் வந்தது. தரப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரி, நாற்பதைத் தாண்டியிருக்காது, குட்டையாக, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பது மாதிரி ஒரு முகம். யாரிடமும் சொல்லாமல் நேராக மாமா பேக்கரிக்குப் போய், வர்க்கி வாங்கிக்கொண்டு, அந்தக் கோழிகளோடு மைனாவுக்குள் ஏறி, மழை முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கோழி கொத்தும் அம்மணி, வெளியில வாங்க என்று மாமா கூப்பிட்டும் வரவில்லையாம். நனைந்து இறங்கி, இந்த வண்டியை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். “அது ஷோவுக்கு வெச்சிருக்கறதுங்க, குடுக்கறதுக்கில்ல” என்றாராம் மாமா. அவள் உதயன் மோட்டார்ஸ் ஆள் என்று தெரிந்தபோது வர்க்கிக்குக் காசு வாங்கிவிட்டோமே என்று சந்தோஷப்பட்டாராம்.

கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையைச் செலவு மிச்சம் பிடிக்க யாரோ மெலிதாக்கியிருந்தார்கள் என்று அவள் கண்டுபிடித்தாள். மிச்சம் பிடித்தவருக்கு அந்த வருஷம் விருது வேறு கொடுத்திருந்தார்களாம். விற்ற வண்டிகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் பட்டையை மாற்ற வேண்டும், விற்ற ஆளே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வண்டியை எடுத்துவர வேண்டும் என்று உத்தரவு போட்டாள். உன் அப்பா ஊர் ஊராகப் போனார். ஒரு படுகர் ஊரில், பட்டாளத்தில் இருந்து வந்த பெரியவர் ஒருவர், முதலில் டீ கொடுத்து, அப்பா குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து திட்டினாராம், நல்ல டம்ளராம், கோபத்தில் எறிந்துவிடக் கூடாதே. ஒரு வீட்டில், ஏதோ பாதியாவது ஓடுதுங்க, நீங்க தொட்டா அதுவும் போயிரும் என்று சாவியை ஒளித்துவைத்துவிட்டார்கள். தினமும் சாயந்திரம் வந்து, இன்றைக்குத் திட்டு கொஞ்சம் குறைவு என்பார், அதைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வரும், திட்டினவர்கள் மேல் கோபமும் வரும். மாமாவிடம் மட்டும் அவர் போகவில்லை. போகச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

பட்டை மாற்றின வண்டியை ஊர் பார்க்கச் சோதிக்க வேண்டும் என்று சக்தி மேடம் சொல்ல, ரீஜனல் மேனேஜர் அதை விழாவாகவே ஆக்கிவிட்டார். ஷோரூம் வாசலில் பந்தல், மேளம், தண்ணீர் லாரி, பத்திரிகைக்காரர்கள். குழாயால் தண்ணீரைப் பீய்ச்சும்போது உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். உட்கார ஊரில் யாரும் முன்வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் மாமா வேறு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி. அப்பா முகம் போன போக்கைப் பார்த்து நான் ஏறி உட்கார்ந்தேன். உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு, வேறு புடவை கட்டியிருந்தால் இன்னும் தைரியமாக உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் அடித்தார்கள். கதவுப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேளக்காரர் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து முன்கண்ணாடிக்கு மேலே இருந்து ஒரு சொட்டு என் மூக்கில் விழுந்தது, அப்புறம் ஒன்று மடியில், அப்புறம் எண்ண முடியவில்லை.

இறங்கினேன். மேளம் நின்றுவிட்டது. ரீஜனல் மேனேஜர் ஓடிவந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மேடம், அது ஏசித் தண்ணிதானுங்களே என்றார். ஆடி மாசம் குன்னூர்ல யாருங்க ஏசி போடுவாங்க என்றேன். அவர் விடாமல் அப்பாவைப் பார்த்து, வசந்தகுமார், நீங்க சொல்லுங்க, ஏசித் தண்ணிதானே என்றார். கேட்ட விதத்திலேயே வேலை போய்விடும் என்பது தெரிந்தது. ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன, இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அப்பா என் புடவையைப் பார்த்தார். “ஏசி இல்லைங்க சார். ஊட்டுக்காரி சொல்றது சரிதான். மேல இருந்து ஒழுகுது” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷக் குடும்பத்தில் நான் சொல்வது சரி என்று அவர் சொன்னதே அபூர்வம், அதையும் மைக் பக்கத்தில் சொன்னார்.

ரீஜனல் மேனேஜர் ஏதோ சொல்ல வருவதற்குள் சக்தி மேடம் மைக்கை வாங்கிவிட்டாள். ஆமாங்க, ஒழுகுது, நாங்க முழுசாச் சரி பண்ணல, சரியாகிற வரைக்கும் உதயன்ல ஒரு வண்டியும் விக்கமாட்டோம், உங்க வண்டியெல்லாம் மறுபடியும் எடுத்துக்கறோம், அதுவரைக்கும் ஓட்ட வேற வண்டி தர்றோம் என்றாள். யாரும் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. விற்கிறவன் வாயால் என் சாமான் சரியில்லை என்று வந்ததை இந்த மலையில் யாரும் கேட்டதில்லை, அதனால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் நின்றார்கள். மாமா கட்டின கையை அவிழ்த்துவிட்டு, எங்கள் பக்கம் வராமலே பஸ் ஏறிப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து புடவையைக் காயப்போட்டேன், அப்பா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மாதக்கணக்கில் ஷோரூமில் வண்டியே இல்லை, அப்பா போய்க் காலி ஹாலில் உட்கார்ந்துவிட்டு வருவார். திரும்பி வந்த வண்டிகள் அடுத்த மழைக்கு ஒழுகவில்லை. கதவும் வாயை மூடிக்கொண்டது. விழா எதுவும் வைக்கவில்லை. அந்தப் பட்டாளத்துப் பெரியவர்தான் முதலில் ஊரெல்லாம் சொன்னார், ஒழுகுதுன்னு ஒத்துக்கிட்டவன் ஒழுகலைன்னு சொன்னா நம்பலாம் என்று. இப்போது மைனாவுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மண்டபத்தில் நமக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள், உன் பெரியம்மா அப்போதே தான் சொன்னதாகச் சொல்கிறாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த ரீஜனல் மேனேஜர் பதவி உயர்ந்து, கல்லூரிகளில் போய் “ஒழுகலைக் கண்டுபிடித்தது எப்படி” என்று பேசுகிறார். சக்தி மேடத்தை டிராக்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், காரில்தான் இப்போது குறையே இல்லையே. போகும்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள், ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். அப்பா படம் விளம்பரத்தில் வந்ததற்கும் அவள்தான் காரணம் என்று நினைக்கிறேன், கறுப்பு முடிக்கு இல்லை.

முக்கியமானதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். போன வாரம் அப்பா நம் வண்டியை ஒரு கஸ்டமருக்கு ஓட்டக் கொடுத்துவிட்டு, கோத்தகிரியில் அவசர வேலை என்று ஸ்கூட்டரில் போனார், மாமா பேக்கரி வழியாகவேதான். நல்ல மழை. வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. முன்னால் ஒரு புது மைனா நிற்கிறது, பின்கண்ணாடியில் கூடலூர் டீலர் ஸ்டிக்கர். கூடலூர்க்காரர் இவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்று அப்பா எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங் முன்னால் உன் மாமா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வர்க்கித் தட்டு. மச்சானிடம் வாங்கக் கூடாது என்று மலையின் அந்தக் கோடிக்குப் போய் வாங்கியிருக்கிறார். இவர் பார்த்ததை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அப்பா ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் வழிய அப்படியே நின்றிருக்கிறார், முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் மனசில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கக் கதவு திறந்ததாம். மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு, “உள்ள வந்து உக்காருங்க மச்சான், நனையறீங்க” என்றாராம்.

மரத்தை வெட்டி எடுக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். வர்க்கி நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு என்றார், அவ்வளவுதான்.

நீ நன்றாக இரு கண்ணு, கதிரும் நன்றாக இருக்கட்டும், இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு நீயாகவே ஒரு போன் போடு, புது வண்டி எப்படி இருக்கிறது என்று கேள், எங்கே வாங்கினார் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ரேணுகா வசந்தகுமார்