நான் எண்ணாத ஆறாவது பல்லி

உன் நோட்டை இன்றுதான் திறந்தேன். தலைவலித் தைலத்தின் வாசனை குப்பென்று அடித்தது, உடனே மூடிவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. காரியம் முடிந்த அன்று உன் அம்மா நோட்டையும் உன் போனையும் என் கையில் கொடுத்தார். அலமாரியில் வைத்தவள் இதுவரை தொடவில்லை.

இன்று காலை அவரே போன் செய்தார். "உங்க பல்லிக் குன்னு கீதே, அந்தாண்ட பக்கம் வெட்டிக்கினு இருந்தாங்கல்ல, இப்ப இந்தப் பக்கமும் மெஷின் வந்துகீதும்மா." அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இருங்காட்டுக்கோட்டை மாடி அறையில் நாம் சேர்ந்திருந்த நான்கு வருடமும் நீ பல்லிப் பைத்தியம். விலங்கியலில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, பத்தாவது படித்த என் பக்கத்தில் கம்பெனி லைனில் உட்கார்ந்து ரப்பர் வளையத்துக்கு அளவு பார்த்தாய். அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் உங்கள் ஊர்க் குன்றுக்குக் கிளம்பிவிடுவாய். அங்கே நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத ஒரு குகை. அதன் சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி. எனக்கு எல்லாப் பல்லியும் ஒன்றுதான்.

"நல்லா பாருடி, இது வூட்டுப் பல்லி இல்ல. இதுக்கு இன்னும் எவனும் பேரே வைக்கல போலகீது."

"வைக்காட்டி போகுது. அது கேட்டுச்சா?"

"பேரு இருந்தாதான்டி குன்ன வெட்டாதன்னு மனு குடுக்க முடியும். பேரில்லாததுக்கு எவன் நிறுத்துவான்?"

முறுக்கு டப்பாவில் பிடித்து, அடிப்பக்கத்தைப் படமெடுத்து, பிடித்த பாறையிலேயே விட்டுவிடுவோம். பின்னங்காலின் நான்காவது விரலுக்கு அடியில் வரிவரியாக இருக்கும் மடிப்புகளை அறைக்கு வந்து படத்தில் எண்ண வேண்டும். இதைப் போலவே இருக்கும், ஏற்கெனவே பெயருள்ள பல்லிக்கு ஒன்பதோ பத்தோ வரும். நம்முடையதற்கு ஏழு. அந்த வித்தியாசத்தைத்தான் நீ நம்பியிருந்தாய். நீ எண்ணி எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு நோட்டை என் பக்கம் தள்ளுவாய். நான் தனியாக எண்ணி அடுத்த கட்டத்தில் எழுதுவேன். ஐந்து பல்லிக்கும் இருவருக்கும் ஏழுதான் வந்தது.

ஆறாவதை எண்ணிய மாலையில் நான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நீ நெற்றி முழுக்கத் தைலம் பூசிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக் கசக்கி எண்ணினாய். நோட்டைத் தள்ளும்போது உன் கை கொஞ்சம் விலகியது. ஒன்பது என்று எழுதியிருந்தாய். நான் படத்தைப் பார்க்கவே இல்லை. லைனில் சூப்பர்வைசர் வருவதற்குள் பக்கத்து ஆளின் ரீடிங்கைப் பார்த்து ஷீட்டை நிரப்புவோமே, அதே கைப்பழக்கம். நானும் ஒன்பது என்று போட்டேன்.

"இன்னாடி, உனக்கும் ஒம்போதா? நெஜமா எண்ணுனியா?"

"எண்ணுனேன்டி. ஆளை விடு, படுக்கணும்."

நீ அட்டவணையை அனுப்பிய கல்லூரிப் பேராசிரியர், ஒன்றுக்கு ஒன்பது வருகிறதே, அப்படியானால் இது தெரிந்த இனமாகத்தான் இருக்கும் என்று பதில் போட்டார். அதோடு நோட்டை மூடினாய். "ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி ஒரே நம்பர் எழுதிகீறோம். அது தப்பா இருக்காது. என் ஆசைதான் தப்பு" என்றாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வளையம் இரண்டாகத் தெரிகிறது என்றாய். ஆஸ்பத்திரியில் தலைக்குள் கட்டி என்றார்கள். பார்வையில் கோளாறு தெரிந்தபோதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, "முன்னாடி ஒண்ணும் தெரியல சார்" என்று நீ சொன்னாய்.

இன்று உன் போனைச் சார்ஜ் போட்டு அந்த ஆறாவது படத்தைத் திறந்தேன். எண்ணினேன். ஏழு. பெரிதாக்கி எண்ணினேன், ஒவ்வொரு மடிப்புக்கும் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். ஏழேதான். அன்றைக்கே எண்ணியிருந்தால் "உன் கண்ணுக்கு என்னடி ஆச்சு" என்று கேலி செய்திருப்பேன். அடுத்த நாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டும் போயிருப்பேன். நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயேதான் இனி நான் இருக்க வேண்டும்.

நோட்டை மறுபடி திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பல்லிக்கு ஒரு பெயர் எழுதி வைத்திருந்தாய். கண்டுபிடித்தவர் தன் பெயரை வைத்துக்கொள்வது வழக்கமில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறாய். அங்கே இருந்தது என் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில், "அலுத்துக்கினே எண்ணுவா, ஆனா ஒழுங்கா எண்ணுவா."

பாவி, அதை ஏன்டி எழுதினாய்?

பேராசிரியருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். என் பெயரை அடித்து உன் பெயரை எழுதினேன். என் கட்டத்தில் இருந்த ஒன்பதையும் அடித்து ஏழு என்று போட்டேன். உன் ஒன்பதில் கை வைக்கவில்லை. நீ பார்த்ததைத்தான் எழுதினாய்.

மாலையே பதில் போட்டார்; புதிதாக இன்னும் சில பல்லிகளை எண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறார். முறுக்கு டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் குகைக்குப் போகிறேன். இந்த முறை நான் முதலில் எண்ணி, எழுதி, கையால் மறைத்துக்கொள்வேன். நோட்டை யார் பக்கம் தள்ளுவதென்றுதான் தெரியவில்லை.