அழுதால் எரியும் பல்பு

9.8.1993, திங்கள், ஓசூர்

அம்மா தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். சரி, ஊர் வழக்கம். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாளே, அதுதான் தாங்கவில்லை.

"கொழந்த எங்கிட்டயே இருக்கட்டும் மங்கா. பேச்சு வர்ற வரைக்கும். அது வீல்னு அழுதா உனக்குக் கேக்குமா, அவருக்குக் கேக்குமா?"

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் காது போனதிலிருந்து நான் உதட்டைப் பார்த்துத்தான் தமிழ் கேட்கிறேன். பேசவும் பேசுவேன். என் வீட்டுக்காரர் தீர்த்தகிரிக்குப் பிறவியிலேயே கேட்காது. கைதான் பேச்சு. ஆனாலும் அம்மா சொன்னது அவள் முகத்திலிருந்தே அவருக்கும் புரிந்துவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பிரசவமும் இங்கதான், புள்ளயும் இங்கதான் இருக்கும்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, எதிர்வீட்டுச் சென்னம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

12.8.93

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அழுதால் எப்படித் தெரியும்? நிஜமாகவே, எப்படி?

21.8.93, சனி

பெங்களூர் போய் வந்தோம். அவர் கம்பெனி எலக்ட்ரீஷியன் பாக்கியராஜ் கூட வந்தார். நல்ல மனிதர். எங்களோடு பேசுவதற்கென்றே சட்டைப் பையில் காகிதம் வைத்திருப்பார்.

எலக்ட்ரிக் சாமான் கடைக்காரர் மூன்று வழி சொன்னார். முதலாவது, குழந்தை அழுதால் அறிவிக்கிற வெளிநாட்டுச் சாமான். சொல்லி அனுப்பி வரவழைக்க வேண்டும். அது வருவதற்குள் என் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இரண்டாவது டைமர். வைத்த நேரத்துக்கு லைட் தானாக எரியும். இவருக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எரிய வைத்தால் எழுந்து பால் கொடுக்கலாமே என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். பிள்ளை என்ன ஷிஃப்ட் பார்த்தா அழப்போகிறது? கடைக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டோம். எங்கள் சண்டையில் சத்தம் இல்லை, ஆனால் கைவீச்சைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது.

மூன்றாவது, கைதட்டினால் லைட் எரிகிற ஒரு சின்ன போர்டு. மைக் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். வேடிக்கைக்கு வாங்கிப் போவார்களாம். எனக்கு வேடிக்கை வேண்டாம். வேலை செய்தால் போதும். அதையே எடுத்தேன்.

5.9.93, ஞாயிறு

பாக்கியராஜ் வந்து பூட்டிக் கொடுத்தார். மைக்கை அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். பல்பு அறையில் ஒன்று போதும் என்றார். நான் விடவில்லை. நான் எங்கே நின்றாலும் தெரிய வேண்டும். அடுக்களையில் ஒன்று, பின்னால் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே ஒன்று. கரண்ட் போனால்? அதையும் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு ஒரு பழைய லாரி பேட்டரியைக் கட்டில் அடியில் வைத்துவிட்டார்.

படுத்துப் பார்த்தோம். கண்ணெதிரே பல்பு எரிந்தாலும் இவர் எழுந்திருக்கவில்லை. அதனால் டேபிள் ஃபேனையும் அதிலேயே இணைத்தாயிற்று. முகத்தில் காற்று அடித்ததும் துள்ளி எழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

8.9.93

தெரு இவ்வளவு சத்தமா! நாளெல்லாம் பல்பு எரிகிறது. ஜன்னலுக்கு ஓடி ஓடிப் பார்க்கிறேன். ஒருமுறை லாரி. ஒருமுறை சென்னம்மா வீட்டு நாய். ஒருமுறை என் சொந்த குக்கர்! சில சமயம் ஒன்றுமே தெரிவதில்லை. யாரைக் கேட்பது? சென்னம்மாவின் கன்னடம் என் கண்ணுக்குப் பிடிபடாது.

12.9.93, ஞாயிறு

எவ்வளவு சத்தத்துக்கு எரிய வேண்டும் என்று கூட்டவும் குறைக்கவும் போர்டில் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கிறது. இவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நான் கட்டிலில் படுத்துக் கைக்குழந்தை மாதிரி அழுதேன். லாரி போனால் எரியவில்லை, நான் அழுதால் எரிந்தது. அந்த இடத்திலேயே அசையாதபடி ஸ்குரூவுக்கு மேல் மெழுகு விட்டுவிட்டோம். ஒரு வழியாய் முடிந்தது.

28.10.93

பெண். என் மூக்கு. அவர் விரல்கள்.

21.11.93, ஞாயிறு

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பல்பு, அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. திரும்பினால், பிரசவத்துக்கு வந்து கூடவே இருக்கிற அம்மா கதவு நிலையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஓடினேன். பிள்ளை தூளிக்குள் அழுது அழுது முகம் கறுத்துப் போயிருந்தது.

"எத்தன நேரமா?"

"அரிசியில நீ மொதத் தண்ணி ஊத்தினப்பவே ஆரம்பிச்சிட்டா."

கூப்பிடவில்லை. வேண்டுமென்றே கூப்பிடவில்லை. பெத்தவதானே நீ? எம்புள்ளய அழவுட்டு வேடிக்க பாத்தியே, உனக்கு எப்புடிம்மா மனசு வந்துச்சி? இதையெல்லாம் அவளிடமே கத்தினேன்.

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நான் ஊருக்குப் போனப்பறம் இது நடந்தா யாரு பாக்கறது மங்கா? வியாழக்கிழம பஸ்ஸுக்குக் கெளம்பறேன். கொழந்தயோட."

அவள் சொன்னது நியாயம். அதுதான் வலிக்கிறது.

பிறகு பிள்ளையை மடியில் போட்டு, அது விம்முவதைக் கையால் தொட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. முதுகில் பூனைக்குட்டி அளவுக்குத்தான் அதிர்வு. நான் அன்று கட்டிலில் படுத்து எப்படி அழுதேன்? இருபத்தாறு வயசுப் பொம்பளை, அளவு தெரியாத தொண்டை. சென்னம்மாவையே வாசலுக்கு வரவழைத்த தொண்டை! அதற்குப் பொருந்துகிற மாதிரி அல்லவா ஸ்குரூவை வைத்தோம். பச்சைப்பிள்ளை எவ்வளவு சத்தம் போடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்கிறவர்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முட்டாள். ஆனால் தோற்கவில்லை. வியாழனுக்கு நாள் இருக்கிறது.

22.11.93

ஸ்குரூவை மறுபடி ஏற்றினால் லாரியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும் என்கிறார் இவர். அப்படியானால் மைக் ஏன் சுவரில் இருக்க வேண்டும்? அழுகிற வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமே. பாக்கியராஜை ஷிஃப்ட் முடிந்ததும் கையோடு கூட்டி வரச் சொன்னேன். நீளமாக வயர் இழுத்து, தூளியை விரித்துப் பிடிக்கிற கம்பில் மைக்கைக் கட்டினார். அவள் தலைக்கு நேர் மேலே, கைக்கு எட்டாத உயரம்.

இனி அவளேதான் சோதித்துக் காட்ட வேண்டும். நாங்கள் மூவரும் தூளியைச் சுற்றி உட்கார்ந்தோம். மகாராணி தூங்குகிறாள். அழுடி என்றால் தூங்குகிறாள்! கடைசியில் உதடு பிதுங்கியது. வாய் முழுசாகத் திறப்பதற்குள் பல்பு எரிந்தது. இவர் ஸ்குரூவின் மேல் மறுபடி மெழுகு விடப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டேன். மெழுகும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவள் வளர வளர ஸ்குரூவைத் திருப்ப வேண்டியிருக்கும்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

24.11.93, புதன்

கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்தது. சோப்புக் கையோடு ஓடி, தூக்கி, பால் கொடுக்க உட்கார்ந்தேன். அவள் குடித்துக் கண் சொருகும்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். சென்னம்மா வீட்டுத் தின்பண்டம் கையில், பேச்சு சுவாரசியத்தில் நேரம் போயிருக்கிறது.

"அழுதாளா?"

"அழுதா."

"எனக்குக் கேக்கவே இல்லியே."

நாக்கு நுனி வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவள் தூளிக் கம்பில் கட்டியிருந்த மைக்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, மடித்த சின்னத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

25.11.93

அம்மா தனியாகப் பஸ் ஏறினாள். பொங்கலுக்கு வருகிறாளாம்.

26.2.94, சனி

அடுக்களையில் இருந்தேன். பல்பு எரிந்தது. இப்போதுதானே பால் குடித்தாள், வயிற்றுவலியோ என்று ஓடினேன்.

இவர் தூளி முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறார். அறைப் பல்பைப் பார்த்துவிட்டுப் பயந்து, ஏன் அழுகிறாள் என்று கையால் கேட்டார். எட்டிப் பார்த்தேன். வாய் முழுசாகத் திறந்திருக்கிறது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பல்பு அணையட்டும் என்று காத்திருந்து, மறுபடி செய்யச் சொன்னேன். துண்டு விலகியது. வயிறு குலுங்கியது. பல்பு எரிந்தது.

அழவில்லை, சிரிக்கிறாள் என்று அவருக்குக் கையால் சொன்னேன். சத்தம் போட்டுச் சிரிக்கிறாள்.