என் குரலுக்குப் பழகிய தொட்டி

அதட்டலில் மகாராணியான அக்காவுக்கு, தம்பி சாஷ்டாங்கமாக விழுந்து எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

இங்கே நான் கோடானுகோடிப் பிரஜைகளுக்கு ராஜா. எல்லாம் பாக்டீரியா. சாயக் கழிவுநீர்த் தொட்டியில் கிடந்து சாயத்தைத் தின்று, நீரை வெளுக்க வைப்பவை. பேச ஆளில்லாததால் அவற்றோடுதான் என் அரட்டை.

போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல். பயப்படாதே, போய்விட்டது. மாற்றாள் வேளை தவறாமல் வெல்லக் கரைசல் ஊற்றியும் நீர் ரத்தச் சிவப்பாகவே நின்றதாம். நான் வந்து, "என்னடா பசங்களா, சாப்பிடலையா?" என்றேன். தொட்டி முழுக்கக் குமிழிகள் கிளம்பின. பேச்சை நிறுத்தினேன், குமிழிகளும் நின்றன. மாலைக்குள் நீர் வெளுத்துவிட்டது.

"நீங்க இல்லன்னா இது செத்துடும்ணே. கல்யாணத்துக்கு லீவு கஷ்டம்தான்," என்றார் மேற்பார்வையாளர். அவர் சிரிக்கவில்லை.

உன் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாமலா? புதுச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் இவற்றைப் பழக்குவோம். அதேபோல் உன் குரலுக்கும் பழக்கப் போகிறேன். ஒரு மணி நேரம் என்னைத் திட்டிப் பதிவுசெய்து உடனே அனுப்பு; நான் இல்லாதபோது மாற்றாள் அதை ஒலிக்க விடட்டும். தாமதித்தால் என் காலடிக்கும் பழகிவிடும்: நேற்று நான் வாயே திறக்கவில்லை, உள்ளே நுழைந்ததுமே தொட்டி குமிழி விட்டது.

தொட்டி பழகாவிட்டாலும் அனுப்பு, அக்கா. ஷிஃப்ட் மணி அடிக்கிறது.

உன் தம்பி