வெள்ளைப் பிளக்கும் உங்கள் கிணறும்

என்னோடு வழக்குப் பேசி முடிக்காமலே போய்விட்ட என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் படகு ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நேற்றுப் பின்னேரம் மண்டைதீவுக் கரையில் விட்டேன். நீங்கள் வள்ளம் கட்டும் தடிவரைக்கும் போய், வளைந்து, சமர்த்தாகத் திரும்பி வந்தது. உடனே மூடியைத் திறந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. நம்புவீர்களா?

உங்கள் ஆண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்று அக்கா கேட்டாள். கண்ணீர்க் கவிதைகளை மற்றவர்கள் எழுதட்டும், நான் படகைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு நோர்வேயிலிருந்து வந்த உங்கள் தம்பி கொண்டுவந்த றிமோட் படகு அது. வலை இழுக்கிற மனிதருக்கு விளையாட்டுச் சாமானா என்று ஊர் சிரித்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்று காய்ந்தவர் நீங்கள். படகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டீர்கள்: "பற்றறியில சின்ன வள்ளம் ஓடுமெண்டா பெரிய வள்ளம் ஏன் ஓடாது, றீற்றா?"

ஆனால் சின்னதே ஒழுங்காக ஓடவில்லை. கொஞ்சத் தூரம் போகும், பிறகு களைத்துப்போகும். கரைக்கு எடுத்துத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் மணம் வரும். பற்றறி வயரும் மோட்டர் வயரும் சேருகிற அந்த வெள்ளைப் பிளக்கில் கை வைக்க ஏலாது. ஒரு பக்கம் உருகி மஞ்சளாகிவிட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்பவள் என்பதால் வைத்தியம் என் தலையில் விழுந்தது. பழையதை வெட்டிப் புதுப் பிளக் போட்டு, ஈயம் உருக்கி வைத்து ஒட்டித் தந்தேன். சில நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடியும் அதே சூடு.

"உன்ர ஈயம் சரியில்லை," என்றீர்கள், முகத்துக்கு நேரே.

"என்ர ஈயத்தில பிழையெண்டா யாழ்ப்பாணத்தில அரைவாசி றேடியோ பாடாது, அத்தான்."

"றேடியோ பாடட்டும். எனக்குப் படகெல்லோ ஓடவேணும்!"

அதுதான் நாம் பேசிய கடைசி வழக்கு. அடுத்த கிழமை நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. செத்த வீட்டில் எல்லோரும் அழ, நான் ஒரு மூலையில் இருந்து, உண்மையிலேயே என் ஈயம்தான் பிழையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன பிறவி நான்!

பிறகு படகை என் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. உங்கள் வீட்டு விறாந்தையில் வைத்தே, வரும்போதெல்லாம் பார்த்தேன். ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தேன். சூடு போகவில்லை. தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியில் சாதாளைக் கடற்பாசி சுற்றியிருந்தது. மோட்டர் முக்கி முனகினால் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்குமே என்று அதைத் துப்புரவாக்கினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. தடித்த வயர் போட்டேன். அதற்கும் மசியவில்லை.

ஒருநாள் ஓடிமுடித்த கையோடு விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். வயர் குளிர். ஈயம் வைத்த இடம் இளஞ்சூடு. ஆணும் பெண்ணுமாக இரண்டு பிளக்கும் கடிக்கிற இடம்தான் சுட்டது. அத்தான், அப்போதே என் ஈயம் பாதி விடுதலையாகிவிட்டது. உள்ளே பார்த்தால் ஊசிகளில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பூச்சு. புதிதில் பளபளத்தவைதானே? இடையில் இவற்றுக்கு என்ன நடந்தது?

"கடலால வந்தா மனிசனும் மெசினும் நல்ல தண்ணியில குளிக்கவேணும்" என்பீர்கள். வள்ளத்து இயந்திரத்தைக் கழுவுகிற மாதிரியே, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி உங்கள் கிணற்றுத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பீர்கள். நீங்கள் போன பிறகும் நான் அதைத் தவறாமல் செய்தேன். மாரியில் ஒருநாள் கிணற்றடிக்குப் போகப் பஞ்சிப்பட்டு, கூரைத் தண்ணீர் விழுந்த வாளியிலேயே அலசி வைத்தேன். அடுத்த ஓட்டத்தில் சூடு குறைவு. எனக்கு ஆவல் தாங்கவில்லை. இரண்டு புதுப் பிளக் வாங்கி, ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரிலும் மற்றதை மழைத் தண்ணீரிலும் நாளுக்கு நாள் முக்கி, உடுப்புக் கொடியில் தொங்கவிட்டேன். மழைத் தண்ணீர்ப் பிளக் புதிதாகவே இருந்தது. மற்றது பூத்துப்போனது. படகில் போட்டால் சுட்டது.

உங்கள் கிணறு, அத்தான். இடம்பெயர்ந்து திரும்பி வந்ததும் நீங்கள் இறைத்துச் சேறு எடுத்த கிணறு. "இந்தத் தீவில இப்பிடியொரு தண்ணி இல்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு செம்பு அள்ளிக் கொடுப்பீர்களே. உவர்த் தண்ணீரில் வளர்ந்த என் நாக்குக்கு உப்புத் தெரியவில்லை. பிளக்குக்குத் தெரிந்துவிட்டது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அவள் காணுமுன் கொடியிலிருந்து கழற்றிவிடலாம் என்று போனால், அவள் அங்கேதான் நின்றாள்.

"இதில எது எங்கட கிணத்துத் தண்ணி?"

காட்டினேன். அவள் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். போறதுக்கு முந்தின கோடையிலயே உவராப் போச்சுது. ஒருநாள் ஒரு வாய் குடிச்சுப்போட்டு வாளியோட அப்பிடியே இருந்திட்டார். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர். உனக்குத் தேத்தண்ணி ஊத்துறது பவுசர் லொறியில வாற தண்ணியிலயடி."

"அப்ப என்ர ஈயம்?"

அக்கா சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "அதையும் கேட்டனான். 'கிணறெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஈயமெண்டா றீற்றா என்னோட சண்டை பிடிப்பாள், அவ்வளவுதானே' எண்டவர்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! கொடிக்குக் கீழேயே இருந்து அழுதேன். செத்த வீட்டில் வராத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. தெரிந்துகொண்டும் ஏன் அந்தத் தண்ணீரிலேயே முக்கினீர்கள்? ஒருநாள் திரும்ப நன்னீராகிவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

இதை மலரில் போடலாமா என்று அக்காவைக் கேட்டேன். "போடு. அவற்ர முகத்துக்காக அயல் இன்னும் அந்தத் தண்ணியை அள்ளிக் குடிக்குது. இனிப் போதும்," என்றாள்.

அடுத்த மாரிக்கு முன் மழைத் தண்ணீர் வடியக் கூரைக்குப் பீலி அடித்து ஒரு தொட்டி வைப்பேன். அக்காவின் தேத்தண்ணீரும் உங்கள் படகின் குளிப்பும் அதில்தான். ஊருக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் மட்டும் ஒருதரம் படலையைத் திறந்து வந்து கேளுங்கள். "ஓம் அத்தான், என்ர ஈயம்தான் பிழை" என்று சண்டை பிடிக்காமல் சொல்வேன்.

உங்கள் பழியைச் சுமந்த மச்சாள்,
றீற்றா